முகமூடியா, மஃப்ளரா?

ஊர்வலத்தில் யாரும் முகத்தை மூடக் கூடாதென்று கனடாவின் மொன்றியல் நகரில் சட்டம் வந்ததுதான் தாமதம், ஃபெர்னான் சபதம் போட்டுவிட்டார். "மூடிக்கிட்டுத்தான் போவேன். பிடிச்சா பிடிக்கட்டும்."

கல்லூரி நாளில் சிவப்புத் துணியால் முகம் மூடி, போலீஸ் வரிசைக்கு எதிரே நெஞ்சை நிமிர்த்தி நின்ற ஆள் அவர். அதைப் பார்த்துத்தான் லிசெத் மயங்கினாள். கல்யாணமாகி நாற்பது வருஷம் ஓடிவிட்டது. இப்போதெல்லாம் அவள் அவரை ஏறிட்டுப் பார்ப்பது, குப்பையை வெளியே வைத்தாயா என்று கேட்கத்தான். அந்தப் பழைய பார்வை இன்னொரு தடவை கிடைக்காதா என்று மனுஷன் ஏங்கிக் கிடந்தார்.

"நிமோனியா வந்து எழுந்திரிச்சு ஒரு மாசம் ஆகல. எங்க கிளம்பிட்டே?"

"புரட்சிக்கு."

"வர்றப்ப பால் வாங்கிட்டு வந்துடு."

"என்னை உள்ள தூக்கிப் போடப் போறாங்க, லிசெத்."

"அப்ப பாலை நான்தான் வாங்கணும். இரு, நானும் வர்றேன்."

ஊர்வலம் புறப்படும் சான்-தெனி தெருவில் மூக்கு விறைக்கும் குளிர். பெட்டி அடியிலிருந்து தேடி எடுத்த அதே சிவப்புத் துணியைக் கண்வரை ஏற்றிக் கட்டினார் ஃபெர்னான். பூச்சி உருண்டை வாசனை. அதையும் மீறி அந்த நாளெல்லாம் திரும்பி வந்தது. தொண்டை கிழியக் கத்திய கோஷம், கைகோத்துக்கொண்டு ஓடிய ஓட்டம், குழம்பு ஊற்றிய உருளைக்கிழங்கு வறுவலான புட்டீனை ஒரே தட்டில் இரண்டு பேரும் பங்கு போட்டுத் தின்றது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நேரே ஓர் இளம் போலீஸ்காரர் முன்னால் போய் நின்றார்.

"முகத்துல என்னங்க ஐயா?"

முகமூடி என்று முழங்க வாயைத் திறந்தார். இருமல்தான் வந்தது.

"மஃப்ளர் தம்பி," என்றாள் லிசெத். "நெஞ்சுச் சளி. குளிர்காத்து படக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

"பொய். நான் சட்டத்தை மீ..." மறுபடியும் இருமல்.

"எங்கப்பாவும் இப்படித்தாம்மா, சொன்ன பேச்சு கேக்க மாட்டார்," என்றார் போலீஸ்காரர். "குளிருக்குன்னா தப்பில்ல. திரும்புங்க பெரியவரே, முடிச்சு தளர்ந்திருக்கு." சட்டத்தை உடைக்க வந்தவருக்குச் சட்டமே இறுக்கி முடிச்சுப் போட்டு அனுப்பியது.

திரும்பும் வழியில் ஃபெர்னான் பொருமினார். "என் மானத்தை வாங்கிட்டே. அன்னிக்கு இதே துணியோட நின்னப்ப நீ ஒரு பார்வை பார்த்தியே, அதுக்காகத்தான்டி வந்தேன்."

லிசெத் நின்றாள். அவர் கையை எடுத்துத் தன் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டாள். "மறப்பேனா? உன் கண்ணு மட்டும்தான் தெரிஞ்சுது. அதுலயே விழுந்துட்டேன்."

"நிஜமாவா?"

"நிஜமா. இந்தச் சட்டம் அப்பவே வந்திருந்தா முகத்தையும் பார்த்திருப்பேன். தப்பிச்சிருப்பேன்."