பர்மா போன கழுதையும் மார்த்தாண்டம் ஜான்ரோஸும்

“கழுதையைத் தவிர இந்தப் படத்தில் ஒருவருக்கும் நடிக்கத் தெரியவில்லை.”

முகநூலில் ஜான்ரோஸ் இப்படி எழுதி ஒரு மாதமாகிறது. அன்று மார்த்தாண்டமே தன்னைத் தூக்கிவைத்துக் கொண்டாடியதாக அவருக்கு நினைப்பு. இன்று அந்த வரிதான் தொண்டையில் மீன்முள்ளாக நின்றது.

காரணம், கல்யாணத் தரகர் ஞானம் போனில் போட்ட குண்டு.

“அண்ணாச்சி, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் குலசேகரத்துக்காரங்க பொண்ணு பாக்க வாராவ. பையன் ஜெனோவுக்குச் சென்னையில கம்ப்யூட்டர் வேல. இன்னொரு விசேஷம் அறியுமா? ‘பர்மா போன கழுதை’ படத்துக்க ஹீரோ இருக்கானில்லியா, அவன் பையனுக்கச் சித்தப்பா மவன்!”

உலகப் போரில் வெடிமருந்து சுமக்கப் போன கழுதை வழிதவறி எதிரி முகாமுக்குள் நுழைந்து, பின்னாலேயே ஓடிய பட்டாளத்தானையும் மாட்டிவிடுகிற சிரிப்புப் படம் அது. பார்த்தவர்களில் பாதிப் பேர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மீதிப் பேர் டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்டார்கள். ஜான்ரோஸ் இரண்டு கூட்டத்திலும் சேர்த்தி இல்லை. அவர் படமே பார்க்கவில்லை.

சபைக் கமிட்டியில் இருப்பவர் தியேட்டர் வாசலில் நின்றால் அடுத்த சபைத் தேர்தலில் ஓட்டு விழுமா? அதனால் டிரெய்லரைப் பார்ப்பார், நாலு பேர் எழுதியதைப் படிப்பார், தன் டைல்ஸ் கடையில் உட்கார்ந்தபடியே தீர்ப்பு எழுதிவிடுவார். பார்க்காதவனுக்குத்தான் பாரபட்சம் இருக்காது என்பது அவர் கட்சி.

“அத அழிச்சுப் போடுங்க” என்றாள் மனைவி நேசபாய். “வந்த வரனையெல்லாம் வேண்டாம்னவ நம்ம மவ பெமிலா. இந்தப் பையனுக்க போட்டோவப் பாத்துதான் மொதமொதலாச் சிரிச்சிருக்கா. ஒங்க எழுத்தால இது கெட்டுதுன்னா, நான் எனக்க அண்ணன் வீட்டுக்குப் போயிருவேன்.”

“அழிச்சா பயந்துட்டான்னு செல்லுவானுவ ஏட்டி. மாத்தி எழுதுதேன்.”

எழுதினார். ‘இரண்டாம் முறை பார்த்தபோதுதான் கண் திறந்தது. ஹீரோவின் நடிப்பு உலகத்தரம். படத்தைக் கெடுத்தது கழுதை மட்டுமே.’

கழுதைக்கும் ரசிகர் மன்றம் இருக்கும் என்று அவர் கனவா கண்டார்?

“ஓய், போன மாசம் கழுதை கொள்ளாம், நல்லா நடிச்சிருக்குன்னு எழுதினீரே! இப்ப அது உமக்கு என்ன துரோகம் செய்தது?” என்று ஒருவன் ஆரம்பிக்க, ஊரே திரண்டு வந்துவிட்டது. ஜான்ரோஸுக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. ‘அது கழுதையே இல்லை. அதைப் படத்துக்குள் கொண்டுவந்தவன் ஜென்மத்தில் கழுதையைக் கண்டிருக்க மாட்டான்’ என்று ஒரே போடாகப் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். ஜெனோ, அவன் அப்பா கிளீட்டஸ், அத்தை ஜாஸ்மி. முந்திரிக்கொத்தும் ஏத்தங்காய் சிப்ஸும் வந்தன. பெமிலா சாயா கொடுத்தாள். அவளும் ஜெனோவும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். நேசபாய் மனதுக்குள் தோத்திரம் சொன்னாள்.

அத்தோடு ஜான்ரோஸ் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

“படத்தப் பத்தி நீங்க எழுதினதப் படிச்சோம்” என்றார் கிளீட்டஸ்.

ஜான்ரோஸ் சிப்ஸ் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார். “எதப் படிச்சிய?”

“எல்லாத்தையும். பின்னால மாத்தி எழுதினது சும்மா வெளையாட்டுக்குன்னு ஜெனோ செல்லுதான்.”

அந்த முதல் வரியையும் படித்துவிட்டார்களே! இனி வாரி இறைக்க வேண்டியதுதான் என்று முடிவுகட்டினார். “ஹீரோ என்னமா நடிச்சிருக்கான்! ஒங்க குடும்ப ரத்தமில்லியா! அந்தக் கழுதைதான் எளவு, மரக்கட்டை கணக்கா நிக்குது.”

ஜெனோ கையிலிருந்த சிப்ஸைத் தட்டிலேயே திருப்பி வைத்தான். அண்ணனைப் புகழ்ந்ததும் பையனுக்குக் கூச்சம் என்று நினைத்துக்கொண்டார் ஜான்ரோஸ். என்ன அடக்கம்! நேசபாய் அவர் தொடையைக் கிள்ளினாள். அதையும் சபாஷ் என்றே எடுத்துக்கொண்டார்.

“செல்லுதேன் மக்கா, அதுக்கு வால ஆட்டக்கூடத் தெரியல. நான் மட்டும் படம் எடுத்திருந்தா, அந்தக் கழுதைய மொத நாளே அடிச்சு வெரட்டியிருப்பேன்!”

ஜெனோ எழுந்தான். வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினான். கிளீட்டஸும் எழுந்துவிட்டார். கதவுக்குப் பின்னால் பெமிலாவின் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது.

“என்னாச்சு? நான் ஹீரோவ நல்லாத்தானே சொன்னேன்?”

அத்தை ஜாஸ்மி சாயா கிளாஸைக் கீழே வைத்தாள்.

“ஹீரோ வீட்டோட எங்களுக்குப் பேச்சே கெடையாது. அந்தக் கழுதைய ராப்பகலா இருந்து கம்ப்யூட்டர்ல உண்டாக்கினது நம்ம ஜெனோ. ‘கழுதையைத் தவிர’ன்னு மொதல்ல எழுதினியளே, அதப் படிச்சுட்டுத்தான், கெட்டுனா இந்த மனுசனுக்க மவளத்தான் கெட்டுவேன்னு ஒத்தக்கால்ல நின்னான்.”