மாப்பிள்ளை கொல்லன், வயது இருநூற்றுப் பத்து

சிதம்பரம்,
சனிக்கிழமை இரவு.

அன்பும் மரியாதையும் உள்ள செல்வம் மாமாவுக்கு,

உங்கள் அக்காள் மகள் பவானி எழுதுவது. கடலூரில் நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அப்பா கோபமாக நலம், அம்மா அழுதபடி நலம், குறிஞ்சிப்பாடி அத்தை இரண்டு வேளை சாப்பிட்டு நலம். நான் நலமில்லை. குளியலறையில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மடியில் வைத்து எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கும், மன்னிக்கவும். என் போனை அம்மா பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். அதனால்தான் கடிதம்.

நாளைக் காலை ஆறரை மணி பஸ்ஸில் அப்பா உங்கள் வீட்டுக்கு வருகிறார். வேலை கிடைத்துப் போகும்போது நீங்கள் எங்களிடம் விட்டுப்போன கம்ப்யூட்டரை அட்டைப்பெட்டியில் கட்டி எடுத்து வருகிறார். தயவுசெய்து அதை வாங்கிக்கொள்ளாதீர்கள் மாமா. வீட்டில் இடமில்லை, வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளமாட்டார், எதையாவது சொல்லுங்கள். அதற்குள் நீங்கள் போட்டுக் கொடுத்த 'மூன்று நிலாக் கோட்டை' விளையாட்டு இருக்கிறது. எழுபது மணி நேரம் ஆடியிருக்கிறேன். இந்தக் கடிதத்தை அந்தப் பெட்டிக்குள்ளேயே தெர்மாகோலுக்கு அடியில் வைக்கப்போகிறேன். அப்பாவே தன் கையால் உங்களிடம் கொண்டுவந்து கொடுப்பார், உடைந்திருக்கிறதா என்று நீங்கள் அவர் முன்னாலேயே திறந்து பார்ப்பீர்கள்.

நடந்ததைச் சொல்கிறேன். நேற்றுச் சாயங்காலம் மொட்டைமாடியில் காய்ந்த துணியை எடுத்துக்கொண்டே வகுப்புத் தோழியோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். விளையாட்டில் நான் நடத்தும் ஆள் ஒரு வாள் வீராங்கனை, வயது முப்பத்திரண்டு, உங்களுக்குத்தான் தெரியுமே. அவளுக்கு முந்தின நாள் கல்யாணம் முடிந்திருந்தது. அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். "நேத்து கல்யாணம் ஆயிடுச்சுடி. அவரு கொல்லரு. ஜாஸ்தி பேச மாட்டாரு. எங்ககிட்ட ஒரு கோடாலியும் ரெண்டு கோழியும்தான் இருக்கு, போகப் போகப் பாத்துக்கலாம். வீட்ல இன்னும் யாருக்கும் தெரியாது" என்றேன். திரும்பிப் பார்த்தால் அம்மா மாடிப்படியில் உட்கார்ந்திருக்கிறார். கையிலிருந்த கிளிப்புக் கூடை மட்டும் தனியாக ஒவ்வொரு படியாக இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. அம்மாவின் முகத்தில் இருந்த அதிர்ச்சியைப் பார்த்து எனக்கு ஏற்பட்ட அதிர்ச்சியில் நான் உண்மையைச் சொல்ல மறந்துவிட்டேன். அதுதான் என் தப்பு.

அப்பா பத்திரம் எழுதும் வேலையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடிவந்தார். அவர் மேசை முன்னால் கிரயம் கொடுப்பவரும் வாங்குபவரும் கட்டைவிரலில் மையோடு உட்கார்ந்திருந்தார்களாம். அவர்களிடம் என்ன சொல்லிவிட்டு வந்தார் என்று கேட்க யாருக்கும் தைரியம் வரவில்லை. அடுத்த பஸ்ஸில் அத்தை வந்துவிட்டார். அப்பா என்னை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. ஒரு வெள்ளைத் தாளை எடுத்துவைத்து, பேனாவைத் திறந்து, "மாப்ள பேரு?" என்று கேட்டார். அதற்குத்தான் நான் ரொம்பப் பயந்தேன்.

"கோர்மன்" என்றேன்.

"கிறிஸ்டீனா?" என்று அத்தை அம்மாவைக் கேட்டார். "தெரியலயே அண்ணி" என்று அம்மா அழுதார்.

"வயசு?"

"இருநூத்திப் பத்துப்பா."

அப்பா பேனாவை மூடிவிட்டார். அப்புறம்தான் எனக்கு வாய் வந்தது, இது விளையாட்டு, கம்ப்யூட்டரில் இருக்கிற பொம்மை என்று அழுதுகொண்டே சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. "அப்படின்னா காட்டு, நாங்க பாக்குறோம்" என்றார் அத்தை. பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டைப் பார்க்கப் போவதுபோல மூன்று பேரும் கம்ப்யூட்டர் முன்னால் வரிசையாக உட்கார்ந்தார்கள். அத்தை புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டது இன்னும் கண்ணில் நிற்கிறது. கோர்மன் உலைக்களத்தில் இரும்படித்துக்கொண்டிருந்தார். "காது என்னா இவ்ளோ கூரா கீது" என்றார் அத்தை. அந்த இனத்துக்கே அப்படித்தான் என்றேன். அப்பா திரையில் இருந்த நாலு கேள்விகளைப் படித்துவிட்டு, "குடும்பத்தப் பத்திக் கேக்கறது இருக்குது பாரு, அத அமுக்கு" என்றார். தன் அப்பா போரில் இறந்துவிட்டார், அம்மா ஏரிக்கு அடியில் வசிக்கிறார் என்று கோர்மன் ஆங்கிலத்தில் சொன்னதை நான் தமிழில் சொன்னேன். "ஏரிக்குள்ள மாமியாரா? பொங்க சீரு எப்பிடிக் கொண்டு போறது?" என்று அத்தை கேட்டார்.

வீட்டைக் காட்டச் சொன்னார் அப்பா. காட்டினேன். கோட்டைத் தலைவர் கொடுத்த வீடு என்று கோர்மன் சொன்னதும் அப்பா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "குடுத்தாருன்னா? தானமா, கிரயமா? மூலப்பத்திரம் எங்க? நாலு எல்லை என்னா?" என்றார். வடக்கே காடு, தெற்கே பூதம் இருக்கிற சதுப்பு நிலம் என்று வரைபடத்தைக் காட்டினேன். "பூதத்துக்குப் பட்டா இருக்குதா, இல்ல பொறம்போக்குல குந்திக்கினு இருக்குதா? வில்லங்கம் பாக்காம இந்த வீட்ல எவ போய் வாழறது?" என்று என்னைத்தான் கேட்டார். அந்த நேரம் பார்த்து ஓநாய்கள் வந்துவிட்டன. கோர்மன் அடிபட்டு விழுந்தார். "அய்யோ, அந்தப் புள்ளைக்கு எதுனா குடுடி" என்று அம்மா என் தோளை உலுக்கினார். நான் மூலிகைச் சாறு கொடுத்தேன். எழுந்துவிட்டார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்போதுதான் அப்பா கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. தன்மேலேயே வந்த கோபத்தை அவர் சுவரில் இருந்த ஒயரைப் பிடுங்கிக் காட்டினார். "ஞாயித்துக்கெழம மொத பஸ்ல இத எடுத்துக்கினு போயி அந்த மச்சான் தலைல கட்டிட்டு வரேன். பத்தாவது படிக்கிற பொண்ணுக்கு இது எதுக்கு?" என்றார்.

எதற்கு என்று அவரிடம் என்னால் சொல்ல முடியவில்லை, மாமா. உங்களிடம் சொல்கிறேன், நீங்கள் சொல்லுங்கள். அதில் எல்லாமே ஆங்கிலம், படிக்காமல் ஒரு அடி நகர முடியாது. அரைப் பரீட்சையில் ஆங்கிலத்தில் ஐம்பத்தொன்றிலிருந்து எழுபத்துநாலுக்கு வந்தது அதனால்தான், டியூஷனால் இல்லை. அதில் ஒரு கிழவரிடம் சும்மா ஒரு பொய் சொன்னேன். இருபது மணி நேரம் கழித்து அவர் ஊரே எனக்குக் கதவைத் திறக்கவில்லை. இரண்டு நாள் சாப்பிடப் பிடிக்கவில்லை எனக்கு. பூதத்தை வெட்டலாம், பேசலாம், விட்டுவிட்டுச் சுற்றிக்கொண்டும் போகலாம், நான்தான் முடிவு செய்ய வேண்டும். தப்பாகப் போனால் அதற்கும் நான்தான் பொறுப்பு. நம் வீட்டில் என் தலைப்பின்னல் ஒன்றா இரண்டா என்பதைக்கூட அத்தை போனில் முடிவு செய்கிறார். அங்கே யாராவது என்னிடம் கேள்வி கேட்டால், நான் பதில் சொல்லும்வரை உலகமே நின்று காத்திருக்கிறது. அப்படி ஒரு இடம் இருக்கிறது என்று தெரிந்த பிறகு அதைப் பெட்டியில் கட்டிக் கொடுப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குப் புரியும். இதை நேரில் சொல்லும் அளவுக்கு எனக்குத் தைரியம் இல்லை. அந்த வீராங்கனைக்கு இருக்கிறது, ஆனால் அவளால் வெளியே வர முடியாது.

அம்மா புரளும் சத்தம் கேட்கிறது. நிறுத்துகிறேன். உங்களுக்கு நல்ல சம்பளமும் நல்ல தூக்கமும் சீக்கிரம் நல்ல இடத்தில் பெண்ணும் அமைய வேண்டும். சிறியவள் பெரியவர்களை ஆசீர்வதிக்கக் கூடாதுதான், பயத்தில் வந்துவிட்டது.

உங்கள் கையில் கம்ப்யூட்டரையும் உயிரையும் ஒப்படைத்துவிட்டு நிற்கும்,
பவானி

பி.கு: மாமா, மேலே எழுதியது அத்தனையும் ரத்து. கடிதத்தை வைக்கப் பெட்டியைத் திறந்தால் பெட்டி காலி. கூடத்தில் அப்பா பனியனோடு உட்கார்ந்து ஆடிக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் அத்தை. கிணற்றுக்காக அடித்துக்கொள்ளும் இரண்டு பங்காளிகளின் வழக்கு ஒன்று அதில் வரும், மூன்று வாரம் முட்டி மோதிவிட்டு நான் விட்டது. அப்பா பத்தே நிமிடத்தில் பாகம் பிரித்துக் கொடுத்துவிட்டார். எனக்குக் கிடைக்காத வெள்ளிக் கவசம் அவருக்குக் கிடைத்திருக்கிறது. "போட்டுப் பாருடா தம்பி" என்கிறார் அத்தை. நான் போய் நின்றதைக்கூட இருவரும் பார்க்கவில்லை. காலையில் அப்பா கம்ப்யூட்டர் இல்லாமல்தான் வருகிறார். உங்களிடம் கேட்கவேண்டிய சந்தேகங்களைப் பத்திரத் தாளின் பின்பக்கம் எண் போட்டு எழுதியிருக்கிறார், பதினொன்று வரை எண்ணினேன். அவர் பையில் முறுக்குப் பொட்டலத்துக்கு அடியில் இதை வைக்கிறேன். அந்த விளையாட்டு ஒன்றுக்கும் உதவாது, கண் கெடும், புத்தி கெடும், குடும்பத்துக்கு ஆகாது என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்புங்கள் மாமா. இல்லாவிட்டால் இந்த ஜென்மத்தில் எனக்கு அந்த நாற்காலி கிடைக்காது.