ஜெயித்தால்தான் சித்தியவான்

கணினித் திரையில் மறுபடியும் 'செக்மேட்' என்று வந்தது. ஐந்து நாளில் இது பதினான்காவது முறை.

கனகராஜ் மாமனார் அப்பாவுவின் முகத்தைப் பார்த்தான். அவர் மிலோ கோப்பையை நிதானமாகக் கீழே வைத்தார்.

"சொன்னா சொன்னதுதான், மாப்ள. இத ஜெயிக்காம நான் ஊருக்கு, சித்தியவானுக்கு, பஸ் ஏறப் போறதில்ல."

"அப்பாவுக்கு ரோசம் ஜாஸ்தி," என்றாள் மனைவி சரளா, சமையலறையிலிருந்து பெருமையாக.

கனகராஜுக்கு வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு நேர்முகத் தேர்வு. ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில் ஒன்பது வருடம் கிராணியாகக் கணக்கு எழுதியவனை மேற்பார்வையாளர் ஆக்கலாமா என்று கோலாலம்பூர்க்காரர்கள் கணினி வழியாகப் பார்த்து முடிவு செய்யப் போகிறார்கள். கணினி இருப்பது முன்னறையில். அதே முன்னறையில்தான் மாமனார், அவர் மெத்தை, கொடியில் காயும் அவர் கைலி. "எப்போது கிளம்புகிறீர்கள்?" என்று மாமனாரிடம் எந்த மருமகனும் கேட்டதாக ஐப்போவில் இதுவரை தகவல் இல்லை.

ஆக, மாமனார் ஜெயித்தாக வேண்டும்.

"கவலப்படாதீங்க," என்றாள் சரளா. "தீபாவளிக்கு ரெண்டு வாரந்தான் இருக்கு. வருஷா வருஷம் வீட்டுக்கு அப்பாதான் பெயிண்ட் அடிப்பாரு. போய்த்தான ஆகணும்?"

ஆனால் வெள்ளிக்கிழமைக்கு நான்கு நாள்தான் இருந்தது.

கணினியில் இருந்தது இந்தக் காலத்துச் செஸ் நிரல். ஆளைக் கொல்லும்போது சத்தமே வராது. கனகராஜ் அதன் மட்டத்தை அடியோடு குறைத்தான். அது இருபது நகர்த்தல் அழகாக ஆடிவிட்டு, திடீரென்று தன் யானையைத் தூக்கி அப்பாவுவின் சிப்பாய் வெட்டுவதற்கு வாகாக வைத்தது.

அப்பாவு நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

"விட்டுக் குடுக்குதுலா! எனக்குப் பிச்சையா போடுது? வேணும்னே தோக்குறது எவ்வளவு கேவலம் தெரியுமா, மாப்ள?"

கனகராஜ் பக்கத்து வரிசையில் கணினிக் கடை வைத்திருக்கும் லூர்துசாமியிடம் ஓடினான்.

"ஒனக்கு நேர்மையா தோக்குற ப்ரோக்ராம் வேணும்," என்றார் லூர்துசாமி. மேசையைக் குடைந்து ஒரு பென்டிரைவை எடுத்தார். "இதுக்குள்ள இருக்குறது முப்பத்தஞ்சு வருஷத்துப் பழசு. ஆட்டம் எப்படின்னா, விருந்துல ஐஸ்கிரீமப் பாத்த என் சம்சாரம் எல்ஸி மாதிரி. சிப்பாய் ஒண்ணு கண்ணுல பட்டாப் போதும், வீடே பத்திக்கிட்டு எரிஞ்சாலும் போயி தின்னுட்டுத்தான் வரும்."

புதுக் கணினி அந்தப் பழசை மதிக்கவே இல்லை. பழைய கணினி போல நடிக்கும் இன்னொரு நிரலைப் போட்டு, அதற்குள் இதை வைத்து ஓட்ட வேண்டியிருந்தது. செவ்வாய்க்கிழமை கனகராஜ் விடுப்பு எடுத்துச் செய்து முடித்தான். பச்சையும் கறுப்புமாகக் கட்டங்கள் வந்தன.

பதினெட்டாவது நகர்த்தலில் அப்பாவு தோற்றார்.

"என்னண்ணே, தின்னவே இல்ல! யோசிச்சு யோசிச்சு ஆடுது!" என்றான் கனகராஜ் போனில்.

"முப்பது செகண்டு யோசின்னு அதுல இருக்கும்லா. அந்தக் காலத்து மிஷின் ஒரு ராத்திரி பூரா யோசிச்சத, ஒன் மிஷின் முப்பது செகண்டுல யோசிச்சிருது. வேகத்தக் கொற."

கனகராஜ் குறைத்தான். அவசரத்தில் ஒரு பூஜ்யத்தைக் கூடுதலாகவே அழித்துவிட்டான். புதன்கிழமை காலை அப்பாவு ஒரு சிப்பாயை நகர்த்தினார். இயந்திரம் யோசிக்கத் தொடங்கியது. ஐம்பது நிமிடம் யோசித்தது.

அப்பாவுவுக்கு ஒரே குஷி.

"பாத்தியா? பயந்துருச்சி!"

"மாமா, அது ஸ்லோவா ஓடுது..."

"எதிராளி யோசிக்கறப்ப தொந்தரவு பண்ணக் கூடாது, மாப்ள." மெத்தையில் சாய்ந்தார். சாப்பாட்டுக்குள் மூன்று நகர்த்தல் ஆனது. மூன்று மணிக்கு வழக்கம்போல வாசலுக்குப் போய் யாரிடமோ இரண்டு நிமிடம் போனில் பேசிவிட்டு வந்து, மறுபடியும் சாய்ந்தார். புதன்கிழமை முடிந்தது.

வியாழக்கிழமை வேகம் சரியாக அமைந்தது. லூர்துசாமி சொன்னது பொய்யில்லை. இயந்திரம் இடது மூலையில் கிடந்த ஒரு சிப்பாய்க்காக ராணியை அனுப்பியது. ராணி அங்கே காவலில்லாமல், அப்பாவுவின் யானைக்கு நேர் எதிரே நின்றது.

கனகராஜ் மாமனாரின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றான்.

அப்பாவு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். குதிரையைப் பின்னால் இழுத்தார்.

"மாமா! ராணி! சும்மா நிக்கிது, வெட்டுங்க!"

"விஷம், மாப்ள. எவனாச்சும் ராணியச் சும்மா குடுப்பானா?"

"இது குடுக்கும் மாமா! இதோட குணமே அதுதான்!"

"ரெண்டு பேரு சேந்து ஜெயிச்சா அது ஜெயிப்பா?"

இயந்திரத்தின் ராணி இன்னும் இரண்டு சிப்பாய்களைத் தின்றது. அதன் ராஜா பின்னால் தனியாக நின்றது. அப்பாவு யானையை ஒரே ஒரு முறை நேராக நகர்த்தினால் ஆட்டம் முடிந்தது. செஸ் தெரியாத சரளாவுக்கே அது தெரிந்தது.

அப்பாவு முக்கால் மணி நேரம் மோவாயைத் தடவினார். பிறகு தன் ராஜாவை எடுத்து, எதிரி ராணி ஒரே தாவலில் மடக்கும் மூலையில் கொண்டுபோய் நிறுத்தினார்.

'செக்மேட்.'

"கிட்டத்துல வந்துட்டேன்லா," என்றார் அப்பாவு. "இன்னும் ரெண்டு நாளு ஆடுனா பிடிபட்டுரும்."

கனகராஜ் கொல்லைப்புறம் போய்த் துணி காயும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். மூளை போன இயந்திரம் ஒன்று தோற்கத் துடிக்கிறது. அதனிடமும் ஒரு மனிதர் தோற்கிறார். விடிந்தால் வெள்ளிக்கிழமை. இனி மாமியார் ஒருத்திதான் வழி. அவள் ஒரு அதட்டல் போட்டால் மாமனார் சாயங்காலப் பஸ்ஸிலேயே ஏறிவிடுவார்.

சித்தியவான் வீட்டுக்குப் போன் போட்டான். எடுத்தது ஓர் ஆண் குரல்.

"அத்தை இல்லீங்களா?"

"நவமணி அக்கா பசாருக்குப் போயிருக்காங்க. நான் பத்துமலை, வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கறவன். யாரு, ஐப்போ மருமகனா?"

"ஆமா... மாமா விஷயமாத்தான்..."

"தெரியும்லா, அண்ணன் தெனம் மூணு மணிக்குப் போன் போட்டுக் கேட்டுருவாரே! உள்ள எல்லாம் அடிச்சாச்சு, வெளிச் சுவரும் வாசக் கேட்டுந்தான் பாக்கி. சனிக்கிழம ஜெயிச்சுக்கலாம்னு சொல்லிருங்க."