குறுக்குவழியாரும் சிவப்புப் புள்ளியும்

மனிதரில் ஓர் இனம் உண்டு. நேரான பாதையைக் கண்டால் அவர்களுக்கு உடம்பு கூசும். நாலு பேர் நடக்கிற வழியில் ஐந்தாவது ஆளாக நடப்பதைக் காட்டிலும் நாற்பது முள்ளில் காலை வைப்பது மேல் என்று நினைப்பவர்கள். குறுக்குவழியார் என்று இவர்களுக்குப் பெயர். நகரத்துக்குள் இவர்களைக் கண்டுபிடிப்பது கடினம். சிக்னல் விளக்கும் தெருப்பெயர்ப் பலகையும் ஒருவழிச் சாலையும் சேர்ந்து எப்படியோ அடக்கி வைத்திருக்கின்றன. ஆனால் நகரத்திலிருந்து இருபத்தோராவது கிலோமீட்டரில் ஒரு காடும், காட்டுக்குள் ஓர் ஏரியும், அந்த வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் இருந்துவிட்டால் போதும். தோகையை விரித்துவிடுவார்கள்.

அடையாளம் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். தலையில் தொப்பி. ஒன்பது பை வைத்த கால்சட்டை. எட்டில் ஒன்றும் இருக்காது. கையில் ஒரு குச்சி. ஊன்றிக்கொள்ள அல்ல, திசை காட்ட.

இங்கே நாம் பார்க்கப் போகிறவர் லிப்ட் பழுதுபார்க்கும் நிறுவனத்தில் மேற்பார்வையாளர். இருபத்திரண்டு வருட அனுபவம். மேலே, கீழே என்ற இரண்டு திசைகளில் அவரை மிஞ்ச ஆளில்லை. இடமும் வலமும் அவருடைய இலாகாவே அல்ல. இது ஊருக்கே தெரியும். அவருக்கு மட்டும் யாரும் இன்னும் சொல்லவில்லை.

அவர் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். பன்னிரண்டு மணி நேர வேலையில் பத்து மணி நேரம் நின்றபடிதான். அந்த அம்மாளுக்கு வாழ்க்கையில் பெரிய ஆசைகள் கிடையாது. ஏரியில் துடுப்புப் படகு விடுகிறார்கள். யாரோ துடுப்புப் போட, தான் சும்மா உட்கார்ந்து, அரை மணி நேரம், வெறும் அரை மணி நேரம், கால் தரையில் படாமல் இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

இந்த ஆசைக்குப் பதினோரு வயது ஆகிறது. பதினோரு வருடத்தில் ஒன்பது முறை அந்தக் காட்டுக்குப் போயிருக்கிறார்கள். ஒன்பது முறையில் ஏரியைக் கண்ணால் பார்த்தது இரண்டு முறை, அதுவும் படகைக் கட்டிப் பூட்டிய பிறகு. நாலாம் முறை வனத்துறைக் காவலர் வீட்டுச் சமையலறை வாசலில் போய் நின்றார்கள். ஆறாம் முறை நெடுஞ்சாலையில் வெளியே வந்தார்கள். அன்றைக்கும் நம்மவர் அசரவில்லை. "பார்த்தியா, நேரா பஸ் ஸ்டாப்புக்கே கொண்டாந்து விட்டுட்டேன்" என்றார். குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாது, ஐயா.

இத்தனைக்கும் வாசலிலிருந்து படகுத்துறைக்கு ஒரே பாதை. கல் பாவியது. இருநூறு மீட்டருக்கு ஒரு பெஞ்சு. சக்கர நாற்காலியில் போகிறவர்கூட இருபத்தைந்து நிமிடத்தில் போய்ச் சேரலாம். வாசலிலேயே ஆள் உயர வரைபடப் பலகை, அதில் கொட்டைப்பாக்கு அளவில் ஒரு சிவப்புப் புள்ளி, பக்கத்தில் 'நீங்கள் இங்கே இருக்கிறீர்கள்'.

பத்தாம் முறை. மதியம் ஒன்று ஐம்பதுக்கு வாசலில் நுழைந்தார்கள். கடைசிப் படகு நாலரைக்கு. நேரம் தாராளம். இந்த முறை மனைவியின் தம்பியும் கூட. ஜெராக்ஸ் கடைக்காரன். சாப்பாட்டுப் பை அவன் தோளில்.

"ஏங்க, ஒரு தடவை அந்தப் போர்டைப் பார்த்துட்டுப் போலாமா?" என்றாள் மனைவி.

"போர்டெல்லாம் புதுசா வர்றவங்களுக்கு. இந்தக் காட்டுல எனக்கு ஒவ்வொரு மரமும் பழக்கம். இப்படிப் போனா பத்து நிமிஷம் மிச்சம்."

அந்தப் பத்து நிமிடத்தை மிச்சம் பிடித்து அவர் என்ன செய்யப் போகிறார் என்று கேட்கிறீர்களா? குறுக்குவழியாரிடம் அந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது. தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிறவரிடம் மூக்கு எதற்கு என்று கேட்பது போல ஆகிவிடும்.

புதருக்குள் இறங்கினார்கள். நம்மவர் காற்றை முகர்ந்தார். "ஏரி வாசனை" என்றார். மரத்துப் பாசியைத் தடவினார். "வடக்கு" என்றார். சூரியனைப் பார்த்தார், கண் கூசியது, தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டார். இரண்டு இருபத்தைந்துக்கு ஒரு பலகை உடைந்த பெஞ்சு வந்தது. ஒரு முதிய தம்பதி பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக்கொண்டிருந்தார்கள். வணக்கம் சொல்லிக் கடந்தார்கள். மூன்று ஐந்துக்கு மறுபடி ஒரு பெஞ்சு, ஒரு பலகை உடைந்தது. மறுபடி ஒரு முதிய தம்பதி. இம்முறை அவர்கள் பிஸ்கட் கொடுத்தார்கள்.

"மாமா, இது முதல்ல பார்த்த பெஞ்சோட ஜெராக்ஸ் மாதிரி இருக்கே?"

"அரசாங்க பெஞ்சு மாப்ளே. எல்லாம் ஒரே அச்சுதான்."

"பாட்டி தாத்தாவுமா?"

குறுக்குவழியார் குச்சியை நீட்டினார். பதில் இல்லாத இடத்தில் குச்சி நீளும்.

மூன்று நாற்பதுக்கு மூன்றாம் முறை அதே பெஞ்சு. செக்குமாட்டுக்காவது எண்ணெய் மிஞ்சும். "நாங்க கிளம்பப் போறோம். நீங்க உட்காருங்க தம்பி, பாவம்" என்று எழுந்தார் முதியவர்.

மனைவிக்குக் கால் விண்விண் என்று தெறித்தது. இன்னும் ஐம்பது நிமிடம். பதினோராம் முறைக்கு அவள் மனத்தில் இடமில்லை. "நாம இப்ப எங்க இருக்கோம்? அதை மட்டும் சொல்லுங்க."

"அவ்வளவுதானே?" என்றவர், ஒன்பது பைகளில் காலியாக இல்லாத அந்த ஒரே பையிலிருந்து செல்போனை எடுத்தார். படம் ஒன்றை விரலால் பெரிதாக்கினார். "முதல் வருஷமே வாசல்ல இருந்த மேப்பைப் படம் பிடிச்சு வெச்சிருக்கேன்ல. போன் மாத்தினாலும் இதை விடல. பாரு. சிவப்புப் புள்ளி. 'நீங்கள் இங்கே இருக்கிறீர்கள்.' இங்கதான் இருக்கோம்!"

மனைவி படத்தைப் பார்த்தாள். தம்பி பார்த்தான். முதியவர் எட்டிப் பார்த்தார்.

"ஒவ்வொரு தடவையும்... இதைப் பார்த்துதான் வழி சொன்னீங்களா?"

"பின்னே? அதுதான் எழுதியே இருக்கே!"

பதினோரு வருடம். எங்கே நின்றாலும், காவலர் வீட்டுச் சமையலறையில் நின்றாலும், அந்தப் புள்ளியின்படி அவர் வாசலில்தான் நின்றிருக்கிறார். அங்கிருந்து கணக்குப் போட்டு நடந்திருக்கிறார். கண்ணைக் கட்டிக் காட்டில் விடுவார்கள் என்பார்கள். இவர் தன் கண்ணில் கட்டிய துணியைக் காசில்லாமல் மனைவிக்கும் கட்டியிருக்கிறார்.

அவள் சத்தம் போடவில்லை. நர்ஸ்கள் பெரிய விஷயத்துக்குச் சத்தம் போடுவதில்லை. நேராக அந்தப் பாட்டியிடம் போய், குறுக்குவழியார் வம்சத்திலேயே யாரும் செய்யாத காரியத்தைச் செய்தாள். வழி கேட்டாள்.

"ஏரிக்கா? இந்தப் புதருக்குப் பின்னாடியே கல்லு பாதைம்மா. வலது கைப்பக்கம் இருபது நிமிஷம்."

நம்மவருக்கு முகம் சுண்டிவிட்டது. "அவங்க சுத்து வழி சொல்றாங்க. நீங்க அதுலயே வாங்க. நான் குறுக்கே போய்ப் படகை நிறுத்தி வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, தடுப்பதற்குள் மறைந்தார்.

நாலு ஐந்துக்கு அக்காளும் தம்பியும் படகுத்துறையில் நின்றார்கள். படகு இருந்தது. நிறுத்தி வைக்கப் போனவர் இல்லை. நாலு பத்து. நாலு இருபது. அவள் காட்டின் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு இருபத்தொன்பதுக்குப் படகுக்காரர் கயிற்றை அவிழ்த்தார்.

"ஏறுறீங்களா, இல்லையாம்மா? இதுதான் கடைசி."

"அக்கா, மாமா..."

"பையை வெச்சுட்டு ஏறுடா" என்றாள் அவள். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

படகு நடு ஏரிக்குப் போனது. கால் இரண்டையும் எதிர்ப் பலகை மேல் நீட்டிக்கொண்டாள். பன்னிரண்டாம் நிமிடம், எதிர்க்கரைக் கோரைப்புல் அசைந்து பிளந்தது. தொப்பி வந்தது. குச்சி வந்தது. முழங்கால் வரை சேறோடு ஆளும் வந்தார்.

"சொன்னேன்ல! ஏரி இங்கதான்!"

படகுக்காரர் துடுப்பை நிறுத்தினார். "யாரும்மா அது? தெரிஞ்சவங்களா?"

அவள் நிதானமாகப் பார்த்தாள். "புதுசா வந்தவர் போலிருக்கு" என்றாள்.

"போய் ஏத்திக்கலாமா?"

"ஏத்திக்கலாம். இன்னும் பதினெட்டு நிமிஷம் இருக்குல்ல, முதல்ல அது முடியட்டும்."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் போன மாதம் யாரிடமும் வழி கேட்காமல் மூன்று முறை ஒரே பெட்டிக்கடையைச் சுற்றியது யார்? வீட்டில் இருப்பவர்களைக் கேட்டால் தேதியோடு சொல்வார்கள். அதெல்லாம் நானில்லை என்கிறீர்களா? அப்படியானால் நடுவில் நாலு பத்தியைத் தாண்டி, முடிவு என்ன என்று பார்க்க நேரே இங்கே குதித்தது யார்? பத்து நிமிடம் மிச்சம் பிடிக்கத்தானே?

உங்கள் வசதிக்காக இந்த வரியின் முடிவில் ஒரு சிவப்புப் புள்ளி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் இங்கே இருக்கிறீர்கள்.