மாமனார் மொழிபெயர்த்த என் வியாதி

நான் ஒரு கோழை. பல்லைப் பிடுங்குவதற்கே மூன்று தடவை ஹட்டன் வரை போய், பிடுங்காமல் திரும்பி வந்தவன். அப்படிப்பட்டவனுக்குக் கல்யாணமான நாலாம் மாதம், வெளியே சொல்ல முடியாத பிரச்சினை ஒன்று இருந்தது. மனைவி அருகே வந்தாலே பரீட்சை மண்டபத்துக்குள் நுழைந்த மாதிரி நெஞ்சு அடித்துக்கொள்ளும். உடம்பு வெற்று விடைத்தாளைக் கொடுத்துவிடும். (நான் கணித ஆசிரியன். உவமை அப்படித்தான் வரும்.)

நான் படிப்பிக்கும் நோர்வூட்டில் டொக்டரிடம் போனால் மாணவர்களின் பெற்றோர் இருப்பார்கள். ஹட்டனில் மனைவியின் சொந்தக்காரர்கள். ஆகவே லீவு போட்டு, பஸ் மாறி, நுவரெலியாவில் ஒரு கிளினிக்கைப் பிடித்தேன்.

டொக்டர் சிங்களவர். என் சிங்களம் மரக்கறிக் கடையோடு முடிந்துவிடும். ஆங்கிலம் அதற்கும் முன்பே. வேறு வழியில்லாமல் கையால் கீழே காட்டினேன். அவர் என் முழங்காலை இரண்டு தரம் மடக்கி நீட்டினார். இன்னும் கொஞ்சம் மேலே காட்டினேன். தொடையை அமுக்கிப் பார்த்தார். கடைசியில் கதவைத் திறந்து, தமிழ் தெரிந்தவர் யாராவது உண்டா என்று வெளியே இருந்தவர்களிடம் கேட்டார்.

உள்ளே வந்தவர் என் மாமனார்.

தோட்டத்து ஒபிசில் முப்பது வருடம் கிளாக்கராக இருந்தவர். சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. இரத்தத்தில் சீனி கூடிய வருத்தத்துக்கு மாதாமாதம் அங்கேதான் வருகிறாராம். (இதை யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம்.)

"மாப்ள, நீங்களா! ஒடம்புக்கு என்னா?"

"முழங்கால் வலி மாமா."

மாமா அதை டொக்டரிடம் சொன்னார். டொக்டர் இல்லையென்று தலையை ஆட்டினார்.

"முழங்கால்ல ஒண்ணுமில்லயாம். பயப்படாம உண்மயச் சொல்லச் சொல்றாரு."

எடை பார்க்கும் மெசினைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "கல்யாணத்துக்குப் பொறகு... முடியல மாமா."

அவர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. தோட்டத்துத் துரைக்குக் கடிதம் வாசிக்கிற குரலில் அப்படியே சிங்களத்தில் சொன்னார்.

"காலையில எந்திரிக்கிறப்ப எல்லாம் சரியா இருக்கான்னு கேக்குறாரு."

"இருக்கு மாமா."

(பூமி பிளக்கவில்லை. மலைநாட்டில் வேண்டாத நேரத்தில்தான் மண் சரியும்.)

"அப்ப பெரும்பாலும் பயந்தானாம். நெறயப் பேருக்கு வர்றதுதானாம். எதுக்கும் சீனியும் பிரசரும் பாத்துருவோம்ங்கிறாரு. கடயில கண்ட மாத்திரயும் வாங்கித் திங்காதீங்க. பொண்டாட்டிகிட்ட..." நிறுத்தினார். தொண்டையைச் செருமினார். "மககிட்ட மனசுவிட்டுப் பேசச் சொல்றாரு."

வெளியே தேநீர்க் கடையில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தோம். மாமா இரண்டு பிளேன்டீ வாங்கினார். பிறகு அவர் கிளாசைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"எனக்கும் இருந்துச்சு மாப்ள. ஆறு மாசம். ஒருத்தர்கிட்டயும் சொல்லல. ஒங்க மாமி பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நீங்க இன்னிக்கே பேசிருங்க."

பேசினேன். அவள் முதலில் அழுதாள். "என்னயப் புடிக்கலன்னு நெனச்சேன். அடுத்த வாரம் அம்மா வீட்டுக்குப் போறதா இருந்தேன்" என்றாள். கிளினிக் கதையைச் சொன்னதும் கண்ணீரோடு சிரிக்க ஆரம்பித்தவள், "எங்கப்பாவா? எங்கப்பாவா கேட்டாரு?" என்று நிறுத்தவேயில்லை. அவளோடு சேர்ந்து நானும் சிரித்தேன். பரீட்சை மண்டபம் அன்றோடு மூடப்பட்டது.

இப்போது ஐந்து வருடமாகிவிட்டது. எப்போதாவது மனத்தாங்கல் வந்து நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால், மனைவி போனைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்பாள்:

"நீங்களே சொல்றீங்களா, இல்ல அப்பாவக் கூப்புடவா?"