இன்னும் ஒரே ஒரு ஸ்க்ரூ

மனிதரில் ஓர் இனம் உண்டு. யுத்தகாலத்தில் பட்டாளம் முதுகில் சுமந்து திரிந்த ரேடியோப் பெட்டி எந்தக் குப்பையில் கிடந்தாலும் மோப்பம் பிடித்துப் போய், தூக்கி வந்து, அதற்கு உயிர் கொடுக்கிறேன் பேர்வழி என்று வீட்டிலிருப்பவர்களின் உயிரை வாங்குகிற இனம். நீங்கள் பார்த்திருப்பீர்கள். விரல் நுனியில் சூடு பட்ட தழும்பு, சட்டைப் பையில் ஸ்க்ரூடிரைவர், வாயில் ஒரே வாக்கியம்: "இது சும்மா ரேடியோ இல்ல."

எங்கள் தெருத் தையற்கார அக்காவின் தம்பி இந்த இனத்தில் அசல் வார்ப்பு. தெருவில் அவனுக்கு 'சிக்னல்' என்று பெயர். கோழிக்கூண்டுக்கு முட்டுக் கொடுத்திருந்த ஒரு பச்சைப் பெட்டியை, கூண்டுக்காரரிடம் கெஞ்சி, பதிலுக்கு இரண்டு சிமெண்டுக் கல் வைத்துக் கொடுத்து மீட்டு வந்தான். வந்தது பின்னறைக்குள் போனது. அறையிலிருந்த அவன் மகளின் புத்தகங்கள் துணி துவைக்கும் மெஷின் மேலே ஏறின.

பெட்டிக்குள் கண்டென்சர் ஒன்று செத்துப்போனால் நாமெல்லாம் என்ன செய்வோம்? புதிதாக ஒன்று வைப்போம். அவன் பழையதன் காகிதக் கூட்டைச் சுரண்டி, புதியதை அதற்குள் ஒளித்து, மெழுகு ஊற்றி மூடுவான். மூடிக்குள் இருப்பதை யார் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்டால், பெட்டிக்குத் தெரியும் என்பான். துணி தைத்துப் பிழைக்கிற அக்காவுக்கு இந்தப் பதில் வெகுவாகப் பிடிக்கும். பத்தாவதைத் தாண்டாத தம்பி, படித்தவர்கள் கைவிட்டதைத் தொட்டுப் பேச வைக்கிறான் என்று அளவு கொடுக்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள். பேச வைத்தானா? அது வேறு விஷயம். இரண்டு வருஷமாக "இன்னும் ஒரே ஒரு ஸ்க்ரூதான்."

மகளுக்குப் பரீட்சை நெருங்கியது. மனைவி கெடு வைத்தாள்.

"ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு இது மூடி போட்டு, மேசை மேல உக்காந்து பேசணும். பேசினா ரூம் உங்களுக்கு. இல்லைன்னா பாப்பாவுக்கு. அண்ணிதான் நடுவர்," என்று அக்காவைக் கைகாட்டினாள்.

ஞாயிறு வந்தது. மூன்றே முக்காலுக்கு மூடி ஏறியது. உள்ளே கண்ணாடி வால்வுகள் சூடாகி, வெந்த தூசியின் வாசனை கிளம்பி, கரகரவென்று இருமி, யாரோ ஒரு பெண் நாளைக்கு லேசான மழை என்றாள். அக்கா கை தட்டினாள். மனைவிகூட, மழை வந்தால் துணி காயாதே என்று சொல்லி அதை ரேடியோவாக அங்கீகரித்தாள். இன்னும் கால் மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றால் போதும்.

நின்றானா? மூடியில் எட்டு ஸ்க்ரூ. ஏழின் தலையில் ஒற்றைக் கோடு. எட்டாவதில் கூட்டல் குறி.

"இது இந்தப் பெட்டிக்கு உள்ளது இல்ல," என்று சுவிட்சை அணைத்தான். ஸ்க்ரூவைக் கழற்றியவன் மூடியைக் கழற்றினான். மூடியைக் கழற்றியவன் உள்ளே மஞ்சள் வயர் இருக்க வேண்டிய இடத்தில் பழுப்பு வயரைக் கண்டு அதையும் பிடுங்கினான். மணி நாலாக ஐந்து நிமிஷம். வேண்டாம்டா, மூடு என்று சொல்லத்தான் அக்கா குனிந்தாள். ஒரு தையல் கோணினால் முழு ரவிக்கையையும் பிரிக்கிறவள். குனிந்தவள் கண்ணில் பட்டுவிட்டது.

"டேய், பக்கத்து வயரும் பழுப்பாத்தானே இருக்கு?"

அதையும் பிடுங்கினான். மணி நாலு.

மனைவி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "குடும்பத்துக்கே இதுதானா, அண்ணி?" என்றாள். மகள் புத்தகங்களோடு உள்ளே போனாள். பெட்டி வெளியே வந்து மெஷின் மேல் உட்கார்ந்தது. அக்காவும் தம்பியும் அதன் இரு பக்கமும் நின்று, பிஸ்கட் டப்பாவைக் கவிழ்த்து, ஒற்றைக் கோட்டு ஸ்க்ரூ தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். மூடியில் இருந்தது எட்டு ஸ்க்ரூவா, ஏழா? சரிபார்க்க இப்போது உங்கள் கண் மேலே போயிருந்தால், உங்கள் வீட்டில் பின்னறை யாருக்கு என்று இன்றே பேசி முடித்துக்கொள்ளுங்கள்.