இருமல்காரியின் இடது பக்கம்

சாப்பாட்டு மேஜை சாப்பிடுவதற்கு மட்டும் உண்டானதல்ல என்று குமாஸ்தா ஒரு காலையில் முடிவு செய்தார். ஓய்வு பெற்றவர்கள் இப்படி முடிவெடுப்பதை யாராலும் தடுக்க முடியாது. அவர்களுக்கு வேறு வேலை இல்லை. அன்று மத்தியானமே பித்தளைத் தகடுகளும் அரங்களும் பற்றவைக்கும் கோலும் மேஜைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டன. சாப்பாட்டுத் தட்டுகள் மடிக்கு இறங்கின. அவர் மனைவி நாற்காலியில் ஒருக்களித்து உட்கார்ந்து, மடியில் தட்டை வைத்துச் சாப்பிட்டாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் பயப்பட வேண்டும் என்பதை இத்தனை வருஷத்தில் அவர் கற்றுக்கொண்டிருக்கலாம். கற்றுக்கொள்ளவில்லை.

மேஜைமேல் உருவாகிக்கொண்டிருந்தது ஒரு குட்டி நீராவி எஞ்சின். நாலு ஊர் பார்த்த எக்ஸ்பிரஸ் வண்டி எஞ்சின் இல்லை. ரயில்வே யார்டுக்குள்ளேயே பெட்டிகளை இங்கே தள்ளி, அங்கே இழுத்துக் காலத்தை ஓட்டிய ஷண்டிங் எஞ்சின். யார்டில் அதற்கு இருமல்காரி என்று பெயர். ஓடும்போது எல்லா எஞ்சினும்தான் சத்தம் போடும். இவள் நின்ற இடத்திலும் டொக்கு... புஸ்ஸு... டொக்கு... புஸ்ஸு என்று இருமிக்கொண்டே இருப்பாள். குமாஸ்தா வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து, அவளைப் பழைய இரும்புக்குப் போட்ட நாள்வரை, அவருடைய ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியேதான் நிற்பாள். இப்போது யார்டே இல்லை. அங்கே லாரிகள் நிற்கின்றன. ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். கரிப்புகை வாசனை துளிகூட இல்லை. அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள்தான் மேஜையைப் பிடித்தார்.

போன வருஷமும் வேறொரு எஞ்சின் செய்து, மாடல் ரயில் சங்கத்தின் கண்காட்சியில் வைத்திருந்தார். அதற்கு நடுவர், அவர் மனைவியின் அண்ணன். இருமல்காரியை ஓட்டிய டிரைவர். வந்தார், குனிந்தார், கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"மாப்பிள்ளை, பிரமாதம். தையல் மிஷின்தானே?"

கேட்டுவிட்டு அடுத்த மேஜைக்குப் போய்விட்டார். குமாஸ்தாவுக்கு அது இன்னும் ஆறவில்லை. இந்த முறை அதே மச்சான் வாயிலிருந்து 'குறையில்லை' என்று ஒரு சொல் வாங்கியாக வேண்டும். வாங்காவிட்டால் தலைநிமிர்ந்து நடக்க முடியாது.

எஞ்சின் செய்வதில் கஷ்டம் செய்வதில் இல்லை, தெரிந்துகொள்வதில் இருக்கிறது. பட்டறை வரைபடம் சங்கத்தில் கிடைத்தது. ஆனால் அது இருமல்காரி பிறந்த அன்று இருந்த கோலம். அப்புறம் அவளுக்குப் போட்ட ஒட்டென்ன, மாட்டியதென்ன, கழற்றியதென்ன! அதெல்லாம் பார்த்தவர்கள் கண்ணில்தான் இருந்தது. குமாஸ்தா கவலைப்படவில்லை. தினம் பார்த்த எஞ்சின், கண்ணை மூடினால் தெரியும் என்றார். மூடினார், தெரிந்தது, வலது பக்கத்தை மளமளவென்று முடித்தார். இடது பக்கத்துக்காகக் கண்ணை மூடியபோது இருட்டுத்தான் தெரிந்தது.

ஷண்டிங் எஞ்சினுக்குத் திரும்பும் வேலை கிடையாது. முன்னால் போகும், பின்னால் வரும், அவ்வளவுதான். அதைத் திருப்பிவிட அந்த யார்டில் வசதியும் இல்லை. ஆகவே அவள் வலது பக்கம் ஆயுசு முழுக்க ஆபீசைப் பார்த்தது. இடது பக்கம் தொழிலாளர் குடியிருப்பைப் பார்த்தது. அந்தக் குடியிருப்பில்தான், யார்டு மேஸ்திரியின் மகளாக, அவர் மனைவி பிறந்து வளர்ந்தாள். அவர்கள் வீட்டுச் சமையலறை ஜன்னலைத் திறந்தால் இருமல்காரியின் இடது பக்கம்.

சரி, கேட்டுவிட வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல். "ரயிலைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?" என்று அவளைப் பார்த்து அவர் கேட்காத வாரமே கிடையாது. இப்போது போய் "ரயிலைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?" என்று கேட்டால் மானம் கப்பலேறிவிடும். கேட்காமல் கேட்டுவிடுவது என்று திட்டம் போட்டார். சமையலறை வாசலில் போய்ச் சாய்ந்து நின்று, ஒரு பெருமூச்சு விட்டார்.

"அந்தக் காலமே தனி, இல்ல?"

"எந்தக் காலம்?"

"நீ உங்க வீட்டு ஜன்னல்ல நிப்பியே, அந்தக் காலம்."

"உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?"

"சேச்சே. சும்மா பேச்சுக்குக் கேக்கறேன். அந்த ஜன்னல்லேர்ந்து பார்த்தா என்னென்ன தெரியும்?"

"எஞ்சின் தெரியும்."

"எஞ்சின் கிடக்குது விடு!" குமாஸ்தா பெருந்தன்மையாகக் கையை வீசினார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "அதாவது... எஞ்சின்ல என்ன தெரியும்?"

மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஞாபகம் வரல. கை ஈரமா இருந்தா எனக்கு எதுவுமே ஞாபகம் வராது. நீங்க இந்தப் பாத்திரத்தைக் கழுவுங்க. நான் உக்காந்து யோசிக்கறேன்."

கழுவினார். அவள் முக்காலியில் உட்கார்ந்து யோசித்தாள். நிதானமாகவே யோசித்தாள்.

"தண்ணித் தொட்டியில ஒரு ஒட்டுத் தகடு இருக்கும். சதுரமா. ஒரு மூலை மட்டும் வளைஞ்சிருக்கும்."

"எந்த மூலை?" குமாஸ்தாவின் குரல் கீச்சென்றது.

"அந்த அடிப்பிடிச்ச சட்டி அப்படியே இருக்குதே."

சட்டி பளபளத்த பிறகுதான் மூலை எது என்று தெரியவந்தது. முன்பக்கம், மேல் மூலை. ஈரக் கையோடு மேஜைக்கு ஓடினார்.

அதன் பிறகு அந்த வீட்டில் ஞாபகங்கள் சும்மா வரவில்லை. கைப்பிடிக் கம்பி எங்கே கோணலாக இருந்தது என்பதற்குப் பரண் சுத்தமாயிற்று. ஏறும் படி எந்தப் பக்கம் தேய்ந்திருந்தது என்பதற்கு ஜன்னல் கண்ணாடிகள் துடைக்கப்பட்டன. சக்கரம் வழுக்காமல் இருக்கத் தண்டவாளத்தில் தூவும் மணலுக்கு எஞ்சினில் ஒரு பெட்டி இருக்கும். அதன் மூடி விஷயம் தெரிவதற்குள் குமாஸ்தா மெத்தைகளை மாடிக்குத் தூக்கிப்போய்க் காயவைத்து இறக்கியாகிவிட்டது.

"அந்த மூடி தொலைஞ்சு போச்சுன்னு அண்ணன் எங்க வீட்டுச் சட்டி மூடியைத் தூக்கிட்டுப் போயி மாட்டிட்டான். நடுவுல குமிழோட! அம்மா ஜன்னல்ல நின்னு திட்டுவாங்க, அவன் எஞ்சின் மேலேர்ந்து சிரிப்பான்."

சிரித்துக்கொண்டே சொன்னவளின் கண் சுவர் பக்கம் போயிற்று.

"சாயங்காலம் கரி அள்ளிப்போட நெருப்பறைக் கதவைத் திறப்பாங்க பாருங்க, எங்க சமையலறைச் சுவரு முழுக்கச் சிவந்துடும். அந்த வெளிச்சம் இருக்கற வரைக்கும் அம்மா விளக்குப் போட மாட்டாங்க."

குமாஸ்தாவின் கையில் இருந்த மெத்தை உறை அப்படியே நின்றது. அந்தச் சுவரை அவர் பார்த்ததே இல்லை. எஞ்சினுக்கு இந்தப் பக்கம் அவர் கணக்கு எழுதிக்கொண்டிருந்த அதே சாயங்காலங்கள் அந்தப் பக்கம் இப்படி இருந்திருக்கின்றன. இத்தனை காலம் இதைக் கேட்காமல் இருந்துவிட்டோமே என்று அவருக்கு வருத்தமாக இருந்தது. திட்டத்தை மறந்து, இன்னும் சொல்லு என்றார். அவளும் சொன்னாள். அதற்கு மட்டும் வேலை எதுவும் வாங்கவில்லை.

வண்ணம் பூசி முடித்த அன்று, மனைவி மேஜையைச் சுற்றி வந்தாள். இடது பக்கம் பார்த்தாள், தலையாட்டினாள். வலது பக்கம் வந்து ரொம்ப நேரம் நின்றாள்.

"இந்தப் பக்கம் முடிஞ்சுதா?"

"எப்பவோ! அது நான் தினம் பார்த்த பக்கமாச்சே."

"எதையும் விட்டுடலையே?"

"யாரைப் பார்த்து என்ன கேக்கற?"

"அப்போ ஒரு பந்தயம். அண்ணன் குறையே இல்லைன்னு சொல்லிட்டா, மேஜை ஆயுசுக்கும் உங்களுது. நான் மடியிலயே சாப்பிட்டுக்கறேன். ஒரே ஒரு குறை சொன்னாலும் மேஜை எனக்கு."

குமாஸ்தாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இடது பக்கம் அவளே சொன்னது. வலது பக்கம் அவருக்கே தெரிந்தது. எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் ஜெயம்தான். பாவம், கணக்குத் தெரியாதவள் என்று பரிதாபப்பட்டுக்கொண்டே கையில் அடித்துக்கொடுத்தார்.

கண்காட்சி நாளும் வந்தது. மச்சான் வந்தார், குனிந்தார். ஒட்டுத் தகட்டைப் பார்த்தார். கோணல் கம்பியைத் தடவினார். மணல் பெட்டிக்கு வந்ததும் நிமிர்ந்துவிட்டார்.

"அட! எங்க வீட்டு மூடி!"

கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். மறுபடி கழற்றினார்.

"ஒரு குறையில்லை மாப்பிள்ளை" என்றார் கரகரத்த குரலில்.

குமாஸ்தா மனைவியை ஒரு பார்வை பார்த்தார். ராஜ பார்வை.

"இந்தப் பக்கத்துல" என்று முடித்துவிட்டு, மச்சான் அந்தப் பக்கம் போனார். பார்த்தார். குனிந்து பார்த்தார். மேஜைக்கு அடியிலும் பார்த்தார்.

"பம்ப் எங்க?"

"எந்தப் பம்ப்?"

"பிரேக்குக்குக் காத்து பம்ப். புகைபோக்கிக்குப் பக்கத்துல, ஆள் உயரத்துக்கு! அப்புறமா கொண்டாந்து மாட்டினாங்களே?"

"இத்தனூண்டு எஞ்சினுக்குப் பம்ப் எல்லாம் ஏது மச்சான்?"

"யோவ் மாப்பிள்ளை! அவ நின்ன இடத்துல இருமினதே அந்தப் பம்பாலதான்யா! உங்க ஜன்னலுக்கு நேரா, உங்க மூக்குக்கு நேரா நின்னுச்சு. அங்க உக்காந்து என்னத்தைத்தான் பார்த்தீங்க?"

குமாஸ்தா கண்ணை மூடினார். ஜன்னல் தெரிந்தது. புகைபோக்கி தெரிந்தது. அதற்குப் பக்கத்தில், மச்சான் சொன்ன அதே இடத்தில், சிவப்பு ரிப்பன் தெரிந்தது. அண்ணனுக்குச் சாப்பாட்டுக் கேரியரைக் கொண்டுவந்து, ஆபீஸ் ஜன்னலைப் பார்க்காதவள் மாதிரி பார்த்துக்கொண்டு நிற்கும் ஒரு பெண் தெரிந்தாள். கேரியரின் நசுங்கல்கூடத் தெரிந்தது. பம்ப் மட்டும் தெரியவில்லை.

"அந்த இடத்துல பம்ப் கிடையாது மச்சான்" என்றார் கண்ணைத் திறக்காமலே. "அங்க இவதான் நிப்பா."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. மச்சான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். மனைவி சிரிக்கவில்லை.

"பம்புக்குப் பக்கத்துலதான் நிப்பேன்" என்றாள் மெதுவாக. "ஒரே சூடு. ஆனா அங்க நின்னாத்தான் உங்க ஜன்னல் நேரா தெரியும்."

குமாஸ்தா கண்ணைத் திறந்தார். இத்தனை வருஷம் தான்தான் பார்த்ததாக நினைத்துக்கொண்டிருந்த மனிதர் அவளைத் திரும்பிப் பார்த்தார். கொஞ்சம் பொறுத்துத்தான் வேறொன்று உறைத்தது.

"அப்படீன்னா பந்தயம் கட்டும்போதே பம்ப் இல்லைன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"நீங்க இடது பக்கம் மட்டும்தானே கேட்டீங்க?"

சொல்லும்போதே அவள் கண் கலங்கியிருந்தது. குமாஸ்தா அதைக் கவனித்தார். மனசு இளகியிருக்கிறது, இதைவிட நல்ல சமயம் வாய்க்காது என்று, குரலில் தேனைக் குழைத்துக்கொண்டு கேட்டார்:

"அப்போ... மேஜை?"

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சாயங்காலத்துக்குள்ள காலி பண்ணிடுங்க. அண்ணனைச் சாப்பிட வரச்சொல்லிக் காலையிலேயே கூப்பிட்டுட்டேன்."